நடேசன் அமுக்கிய பச்சை

நடேசனின் ஸ்டேஷனில் சிவப்பு எரிந்ததே கிடையாது. இதை அவர் சொல்லாத டீக்கடை பென்னலூரில் இல்லை. ஸ்டேஷன் என்றதும் புதிதாகக் குடிவந்த பையன்கள் போலீஸ் ஸ்டேஷனை நினைத்துக்கொண்டு கொஞ்சம் ஒதுங்கி உட்காருவார்கள். அப்புறம்தான் புரியும், கார் சீட் செய்கிற கம்பெனியில் அவர் நின்று வேலை பார்த்த இடத்தைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று.

ஏரிக்குக் கீழே இருந்த நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு நடேசனும் கம்பெனிக்குப் போனார். சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகும் வரை ஒரே லைன், ஒரே இடம். சீட்டின் அடிச்சட்டத்தில் போல்ட் இறக்குகிற வேலை. அந்த லைனில் ஒவ்வோர் ஆளின் தலைக்கு மேலேயும் ஒரு விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் வேலை ஓடுகிறது என்று அர்த்தம். ஏதாவது கோளாறு என்றால் பக்கத்தில் இருக்கும் சுவிட்சை அமுக்க வேண்டும், மஞ்சள் எரியும், லீடர் வந்து பார்ப்பார். அவராலும் ஆகவில்லை என்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் லைன் மொத்தமும் நின்றுவிடும். கூடவே ஒரு பாட்டும் கேட்கும். அந்தப் பாட்டைக் கேட்டு ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

"கோளாறை மறைக்காதீங்க, பயப்படாம அமுக்குங்க" என்று ட்ரெயினிங்கில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கூடி நிற்கும்போது, "இன்னிக்கு லைன நிறுத்தின மகராசன் யாருப்பா?" என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கேட்பார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது. அதனால் நடேசன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். போல்ட் சரியாக இறங்கவில்லையா, பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே இறக்கிவிட வேண்டியது. வேலை பின்தங்குகிறதா, டீ டைமில் டீயை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துவிட வேண்டியது. விளக்கு மட்டும் பச்சையிலேயே இருக்க வேண்டும். ரிட்டயர் ஆன அன்று சால்வை போர்த்தி அதையே சொல்லித்தான் பாராட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததற்குச் சால்வை வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இப்படிப்பட்ட மனுஷன் கையில்தான் லீலாவின் இடுப்பு வலியைக் கொண்டுவந்து கொடுத்தாள் மகள் ரஞ்சனி.

லீலா நடேசனின் மனைவி. ஐம்பத்தெட்டு வயது. வீட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். குடியிருப்பவர்கள் எல்லோரும் தெற்கத்திக்காரர்கள். தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று பல ஊர்களிலிருந்து வந்து ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஒருநாள் அதில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று லீலா ரசம் வைத்துக் கொடுத்தாள். அந்த ரசத்தில் ஆரம்பித்தது. அவன் ரூமில் இருந்தவர்கள் கேட்டார்கள், பிறகு அடுத்த ரூம்காரர்கள், பிறகு அடுத்த தெருவில் குடியிருந்தவர்கள். போர்டு இல்லாமலே அது ஒரு மெஸ் ஆகிவிட்டது. விடியற்காலையில் இட்லியும் வடகறியும், சாயங்காலம் சோறும் குழம்பும். வடகறியை முதல்முதலாகத் தட்டில் பார்த்த உச்சிமாகாளி, "என்னம்மா, வடை எல்லாம் உடைஞ்சு போச்சா?" என்று பாவமாகக் கேட்டதை அவள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சங்கரன்கோவிலில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து பார்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற ஆள் அவன். இப்போது வடகறி இல்லாத நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

ஆடி மாதத்தில் ஒரு காலையில், இட்லிக் குண்டானை அடுப்பிலிருந்து இறக்கக் குனிந்த லீலா அப்படியே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. உச்சிமாகாளிதான் ஓடிவந்து குண்டானை வாங்கி வைத்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் முதுகெலும்பின் அடியில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது, நரம்பை இடிக்கிறது என்றார்கள். ஆபரேஷன் இப்போது வேண்டாம், மாத்திரையும் உடற்பயிற்சியும் போதும் என்று சொல்லி, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து ரஞ்சனி ஓடிவந்தாள்.

"இழுத்து மூடும்மா மெஸ்ஸ. ஊருக்கெல்லாம் வடிச்சுக் கொட்டிட்டு நீ படுத்துகினா யாரு பாக்கறது?"

"மூடிட்டு நான் இன்னாடி பண்றது? உங்கப்பாகூட குந்திகினு டீவி பாக்கறதா?"

"பாரேன், அதுல இன்னா தப்பு?"

"கட்ன நாளா அந்தாளத்தான் பாத்துகினு கீறேன். புதுசா இன்னா பாக்கறது?"

நடேசன் இதைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சனி கடைசியில் ஒரு கெடு வைத்தாள். "பொங்கல் வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வலி கொறஞ்சா நடத்து. கொறையலனா நானே வந்து அடுப்ப அணைச்சிடுவேன், சொல்லிட்டேன்."

கிளினிக்கில் ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் போனில் ஒரு பெண் குரல் பேசும். கூடவே திரையில் ஒரு கோடு வரும். இடது ஓரம் பச்சை, நடுவில் மஞ்சள், வலது ஓரம் சிவப்பு. வலி எவ்வளவோ அந்த இடத்தில் விரலை வைத்து அமுக்க வேண்டும். அதைப் பார்த்து அன்றைக்கு என்ன பயிற்சி என்று ஆப்பே படம் போட்டுக் காட்டும். வலி குறையக் குறையப் பயிற்சி கடினமாகிக்கொண்டே போகும். கிளினிக்கில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிரவீனாவும் அங்கிருந்தே இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லீலாவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் ரஞ்சனி ஆப்பை அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். "காலைல அம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு நீயே அமுக்கிடுப்பா" என்றாள். பிழை அந்த இடத்தில்தான் உள்ளே நுழைந்தது.

"வணக்கம் லீலா அவர்களே. இன்று தங்கள் வலி எந்த அளவில் உள்ளது?" என்று முதல் நாள் அந்தக் குரல் கேட்டபோது லீலா மாவுக் கையோடு ஓடிவந்து போனையே பார்த்தாள்.

"பாரேன், எம்மாம் மரியாதையா கேக்குது அந்தப் பொண்ணு. இந்த வூட்ல என்னை யாரு 'தங்கள்'னு கேட்டுகிறாங்க?"

"சரி, சொல்லு. எப்டி கீது?"

"இடுப்பு உட்டுப்போவுதுங்க. கால் வரிக்கும் இழுக்குது."

நடேசன் யோசிக்காமல் சிவப்பில் விரலை வைத்தார். பல் தேய்த்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பிரவீனா பேசினாள். அம்மாவுக்கு என்ன ஆச்சு, நடக்க முடிகிறதா, உடனே கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று அடுக்கிக்கொண்டே போனாள். நடேசன் வாயில் பேஸ்ட் நுரையோடு, "இல்ல மேடம், சும்மா மேடம், கொஞ்சம்தான் மேடம்" என்று மூன்று மேடம் போட்டார். இத்தனை வருஷமாக எந்தச் சிவப்புக்கு ஒளிந்து வாழ்ந்தாரோ, அது வீட்டுக் குளியலறைக்குள்ளேயே வந்து எரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் லீலா பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்படியே சமையலறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடேசன் சிவப்புப் பக்கமே போகவில்லை. முதலில் ஆரஞ்சு, பிறகு மஞ்சள், புரட்டாசி பிறந்ததும் பச்சைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தினமும் கேட்கத்தான் செய்தார். இட்லி வெந்துகொண்டிருக்கும், மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் தட்டோடு ஆட்கள் நின்றிருப்பார்கள். அந்த நேரத்தில் போனை நீட்டிக்கொண்டு, "லீலா, இன்னிக்கு பரவால்லியா?" என்பார். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டால் யார்தான் என்ன சொல்வார்கள்? "ம், பரவால்ல" என்பாள் லீலா. நம் பெண்களின் 'பரவால்ல'வுக்குள் ஒரு பிரசவமே நடந்து முடிந்திருக்கும். நடேசன் அதைப் பச்சை என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு அவருக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது. விளக்கு பச்சையாக இருந்தால் வேலை தானாக அதற்குப் பின்னால் ஓடிவந்துவிடும் என்று. லைனில் அப்படித்தான் அவர் ஓட்டினார். வலியும் ஓடிவந்து பச்சைக்குள் அடங்கிவிடும், பொங்கலுக்கு ரஞ்சனி வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வாள், லீலாவின் அடுப்பு அணையாது. மனைவிக்கு நல்லது செய்வதாகத்தான் மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துகள். நீங்கள் அடுத்த நிலைக்கு முன்னேறியுள்ளீர்கள்" என்றது ஆப். திரையில் பூ மாதிரி ஏதோ வெடித்தது. நடேசன் அதை டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

அடுத்த நிலை என்றால் லீலாவுக்கு அடுத்த கஷ்டம். காலை டிபன் முடிந்து பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, கூடத்தில் பாயை விரித்துப் படுத்து, போனைத் தலைமாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு அவள் பயிற்சி செய்வாள். முதலில் காலை மடக்கி நீட்டினால் போதும் என்றிருந்தது. பிறகு இடுப்பைத் தூக்கி நிறுத்தச் சொன்னது. அதற்கப்புறம் நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டச் சொன்னது. படத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே செய்தாள். லீலா உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தாள். ஒருநாளும் விடவில்லை. டாக்டர் சொன்னால் செய்ய வேண்டும் என்று வளர்ந்தவள்.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. ரோடெல்லாம் கன்டெய்னர் லாரிகள் இறைத்த சேறு. ரூம் பையன்களின் யூனிஃபார்ம் காயாமல் வரிசை வரிசையாகக் கொடியில் தொங்கியது. ஈரம் ஏறினால் வலி கூடும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். லீலா ஃபிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். கோயிலுக்குப் போனால் பைக்கில் ஏறாமல், "நீங்க போங்க, நான் பொடிநடையா வர்றேன்" என்றாள். நடக்கச் சொல்லி ஆப் சொல்லியிருக்கும் என்று நடேசன் நினைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிமாகாளி அவரிடம் வந்து நின்றான்.

"அய்யா, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லுப்பா."

"அம்மா ரொம்பச் சிரமப்படுதாங்க. நேத்து மாவு வாளியத் தூக்குறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துட்டு. நான் பாத்தேன்."

"அதெல்லாம் இல்லப்பா. வெங்காயம் அரிஞ்சிருப்பா. இதோ பாரு," என்று போனைக் காட்டினார் நடேசன். "எல்லாம் பச்சையில கீது. இப்ப நாலாவது லெவலு."

உச்சிமாகாளி போனைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "எங்க லைன்லயும் லைட்டு பச்சையாத்தான் எரியுதுய்யா. பொருளு என்னமோ ரிஜெக்ட் ஆகித் திரும்பி வருது" என்று சொல்லிவிட்டு வாளியோடு மாவைத் தூக்கி உள்ளே வைக்கப் போய்விட்டான். நடேசனுக்குக் கோபம்தான் வந்தது. வாடகைக்கு இருக்கிறவனுக்கு வாயைப் பார் என்று முணுமுணுத்துக்கொண்டார். ஆனால் அன்று முழுவதும் அந்தப் பேச்சு அவர் காதில் கிடந்து உறுத்தியது.

தீபாவளி கழிந்து கிளினிக்குக்கு நேரில் வரச் சொன்னார்கள். பிரவீனா மணிமங்கலத்துப் பெண், சிரித்த முகம். லீலா உள்ளே நுழைந்து உட்காருவதற்கு முன்பே தன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள்.

"சூப்பர்ம்மா! உங்கள மாதிரி ஒழுங்கா பண்றவங்கள நான் பாத்ததே இல்ல. ஒருநாள்கூட விடல. வலியும் அப்படியே எறங்கிகினே வந்திருக்கு, பாருங்க. இன்னும் ஒரே ஒரு லெவலு. அதையும் முடிச்சிட்டா என்னை மறந்துடலாம் நீங்க."

நடேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். சால்வை ஒன்றுதான் பாக்கி.

"எங்க, ஒருவாட்டி எழுந்து நின்னு குனிஞ்சு முட்டியத் தொடுங்க, பாப்போம்."

லீலா எழுந்து நின்றாள். குனிந்தாள். பாதி குனிந்ததுமே கை மேஜையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்துவிட்டது. இடது கால் மட்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரவீனா சட்டென்று எழுந்து வந்து தோளைப் பிடித்தாள். "அம்மா, நிறுத்துங்க. நிறுத்துங்க. வலிக்குதா?"

"இல்லம்மா."

"காலு இப்படி ஆடுதே."

"போன்ல கொறஞ்சிடுச்சுனு வருதேம்மா. அது பொய்யா சொல்லும்? எனக்குத்தான் மனசுல இன்னும் போவல போல. சரியாப்பூடும்."

பிரவீனா லீலாவைக் கட்டிலில் மெல்லப் படுக்க வைத்தாள். காலைத் தூக்கிப் பார்த்தாள், பாதத்தைத் தடவி, "இங்க தொட்டா தெரியுதா? இங்க?" என்று கேட்டாள். பிறகு திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தினமும் ஆப்ல அமுக்குறது யாரு?"

லீலா வாயைத் திறப்பதற்குள், "நான்தாம்மா" என்றார் நடேசன்.

"அம்மாவக் கேட்டுதானே சார் அமுக்குவீங்க?"

"கேப்பேன்." குரல் இறங்கிப்போயிருந்தது. "கேப்பேன். பரவால்லம்பா."

பிரவீனா அவரைத் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்தச் சிரிப்பு வரும் என்று பயந்து தலையைக் குனிந்திருந்த நடேசனுக்கு அது வராததே என்னவோ போலிருந்தது.

"கடைசி ரெண்டு லெவலும் அம்மா செஞ்சிருக்கவே கூடாது சார். நரம்பு நல்லா வீங்கியிருக்கு. எல்லாத்தையும் நிறுத்திடுங்க. கனமா எதுவும் தூக்கக் கூடாது. எப்பலருந்து வலி இருக்கு?"

"ஆடியிலருந்துதான்" என்று நடேசன் முந்திக்கொண்டு சொன்னார்.

"நான் அம்மாவக் கேட்டேன் சார்" என்றாள் பிரவீனா. லீலா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "சரி, இப்ப அவங்க களைச்சுப் போயிருக்காங்க. வூட்டுக்குப் போயி, நாளைக்குக் காலைல நிதானமா உக்காந்து கேளுங்க. எங்க வலிக்குது, எப்பலருந்து, எப்படி வலிக்குது. ஆப்ல பேசி அனுப்பலாம், அம்மாவே பேசட்டும். அத வச்சுத்தான் ஊசி போடறதா, ஆபரேஷனுக்கு அனுப்பறதா, இல்ல மொதல்லருந்து எக்சர்சைஸ் பண்ணாலே போதுமானு டாக்டர் சொல்லுவாரு. இந்தவாட்டி தப்பாப் போனா காலு மரத்துடும் சார்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. லீலாவை அதில் உட்காரவைத்துவிட்டு நடேசன் நின்றார். ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கு வந்தால்கூடத் தெரியாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

"வலிக்குதுனு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே லீலா" என்றார்.

"சொன்னேனே."

"எப்ப?"

"மொத நாளு. நீங்க செவப்பு அமுக்கினீங்க. அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. உங்க மூஞ்சி செத்துப்போச்சு." லீலா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பறம் பச்சை அமுக்கசொல்லோ உங்க மூஞ்சில ஒரு சந்தோசம் வரும். கொழந்தைங்க பரிட்சைல பாஸ் ஆனா வருமே, அப்டி. அத்தப் பாத்துட்டு வலிக்குதுனு சொல்ல எனக்கு வாய் வர்ல. இன்னா பண்ணச் சொல்றீங்க?"

நடேசன் அவள்மேல் சாரல் அடிக்காதபடி நகர்ந்து நின்றார்.

"உள்ள அந்தப் பொண்ணாண்ட சொன்னியே, மனசுலதான் போவலனு. எனக்காவத்தான் அப்டி சொன்னியா?" என்று கேட்டார்.

"பாதி உங்களுக்காவ."

"மீதி?"

"மீதி நெசமாவே அப்டித்தான் நெனச்சேன். தினமும் மிஷினு நல்லா கீதுன்னு சொல்லுது, வூட்டுக்காரரும் நல்லா கீதுன்றாரு. அப்ப வலிக்குதுன்றவதானே பொய்க்காரி? படுத்துகினு நானே என்னைத் திட்டிக்குவேன், ஏண்டி லீலா வேசம் போடறேன்னு."

நடேசனுக்கு அழுகை வந்துவிட்டது. அறுபதைத் தாண்டிய ஆள் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுவது நன்றாக இருக்காது என்று மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் வந்தது. படி உயரமாக இருந்தது. முதலில் தான் ஏறி, குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினார். இத்தனை நாளாக அந்தப் படி எவ்வளவு உயரம் என்று அவர் கவனித்ததே இல்லை.

மறுநாள் அவர் எழுந்திருக்கும்போதே சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் லீலா அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். உச்சிமாகாளி முன்பே வந்து மாவு வாளியை மேடைமேல் தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். முதல் ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது. வெளியே காலை ஷிஃப்டுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர, தட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"வணக்கம் லீலா அவர்களே. இன்று தங்கள் வலி..." என்று போன் ஆரம்பித்தது.

நடேசன் போனை அவளிடம் நீட்டினார். "நீயே அமுக்கு."

லீலா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கோட்டைப் பார்த்தாள். விரலைப் பச்சைக்குக் கொண்டுபோனாள், எடுத்தாள், நடுவில் வைக்கப் போனாள், மறுபடி எடுத்துவிட்டாள். கடைசியில் போனை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எத்த அமுக்கறதுனே எனக்குத் தெரியலங்க. மறந்துபோச்சு."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஆயிட்டாம்மா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

"இதோ தம்பி, ரெண்டே நிமிசம்" என்று லீலா குண்டான் பக்கம் திரும்பினாள். நடேசன் அவளைத் தாண்டிப் போய் அடுப்பை அணைத்தார்.

"இன்னாங்க பண்றீங்க! வெந்துகினு கீது!"

அவர் வாசலுக்குப் போனார். தட்டும் கையுமாக நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு டிபன் இல்லப்பா. வெளிய பாத்துக்கங்க. அம்மாவுக்கு ஒடம்பு முடியல" என்றார். பிறகு, அது போதாது என்று பட்டதால், "ரொம்ப நாளாவே முடியல. நான்தான் பாக்கல" என்றும் சொன்னார்.

யாரும் சிரிக்கவில்லை. உச்சிமாகாளிதான் முதலில் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அதுக்கென்னய்யா, ரோட்டுல சாப்பிட்டுக்கிடுதோம். நீங்க அம்மாவப் பாருங்க" என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்தான்.

நடேசன் உள்ளே வந்தார். கூடத்திலிருந்து முதுகு சாய்கிற நாற்காலியை எடுத்துவந்து சமையலறையில் போட்டு, லீலாவை உட்காரவைத்தார். தான் ஒரு அரிசி டின்னைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பிரவீனா சொன்ன மாதிரி பேசி அனுப்பும் இடத்தைத் தேடிப் பிடித்து, போனை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். இட்லிக் குண்டானிலிருந்து ஆவி மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப சொல்லு. எங்க வலிக்குது?"

"இங்கதாங்க. இடுப்புல ஆரம்பிச்சு, தொடைக்குப் பின்னால எறங்கி, குதிகால் வரிக்கும்." அவர் கையைப் பிடித்து இழுத்து, தன் இடுப்பில் அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள்.

"எப்டி வலிக்குது?"

"காலைல ஊசி குத்தறாப்ல. மத்தியானம் நெருப்பு. ராவுல மரத்துப்போயி, காலு என்னுதே இல்லாத மாதிரி."

"எப்பலருந்து? ஆடியிலருந்துதானே?"

லீலா அவரையே பார்த்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கிறவள் மாதிரி இருந்தாள்.

"ஆடியில குண்டானத் தூக்கசொல்லோ நீங்க பாத்தீங்க, அவ்ளோதான். ரஞ்சனி வயித்துல இருக்கசொல்லோ ஆரம்பிச்சதுங்க இது," என்றாள்.

ரஞ்சனியின் மூத்த பெண்ணுக்குப் போன தை மாதம்தான் மஞ்சள் நீராட்டு முடிந்திருந்தது.